இருபது கிலோ தட்டு இளைத்த கதை

ஞாயிற்றுக்கிழமை காலையில் கள்ளக்குறிச்சியில் இரண்டு இடங்களில் கூட்டம். ஒன்று கறிக்கடை. இன்னொன்று, கறியைத் தின்றே உடம்பைக் குறைக்கலாம் என்று சொன்ன சித்தர் உட்கார்ந்திருந்த வீரமுத்துவின் ஜிம். முதல் கூட்டம்தான் கையில் கறிப்பையோடு வந்து இரண்டாவது கூட்டமாகவும் நின்றது.

வாசலில் மாடி உயரத்துக்கு ஒரு பேனர். 'தின்றே தேயலாம்! கல்வராயன் மலை கொழுப்பெரிச் சித்தர் நேரில் அருள்கிறார். பரோட்டாவுக்குத் தடையில்லை. பத்தியம் வேண்டாம், பக்தி போதும்.' சித்தருக்குப் பின்னால் ஓர் அருவி கொட்டிக்கொண்டிருந்தது. கல்வராயன் மலையில் அவ்வளவு பெரிய அருவி கிடையாது. எந்த நாட்டு அருவி என்று பேனர் அடித்தவனுக்கும் தெரியாது. சித்தருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

வரிசையில் ஜெயப்பிரகாஷ் நின்றான். சொந்தமாக ஒரு ஜேசிபி வைத்து, தானே ஓட்டி, ஏரிக்கரையிலும் வீட்டுமனையிலும் மண் அள்ளுகிறவன். இருபத்து நாலு வயதில் ஆணழகன் போட்டியில் கோப்பை வாங்கியவன். அந்தப் போட்டோ இன்னும் ஜிம் சுவரில் மாட்டியிருந்தது. நாற்பது தாண்டிய ஜெயப்பிரகாஷ் அதன் கீழே போய் நின்றால், போட்டோவில் இருப்பவனை இவன்தான் தின்றுவிட்டான் என்று தோன்றும்.

அவன் திரும்ப ஜிம்முக்கு வந்தது ஆசையால் இல்லை, பயத்தால். ரத்தத்தில் சர்க்கரை என்று டாக்டர் சொல்லிவிட்டார். "மாத்திரையை நிறுத்தாதீங்க. எடையைக் குறைங்க. இல்லன்னா ஊசிக்குப் போகணும்." அவன் அப்பா வீரமாக மாத்திரையை நிறுத்தியவர். காலில் ஒரு புண் வந்து, ஆறாமல், முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஜேசிபி ஓட்டுகிறவனுக்கு இரண்டு காலும் வேண்டும்.

சரி, ஜிம்முக்கு வந்தானே, என்ன தின்றான்? அங்கேதான் வினை. பயிற்சியாளர் அஜித் முதல் வாரமே கேட்டான். கல்வராயன் மலையிலேயே, வெள்ளிமலையில் பிறந்து கீழே வந்து படித்த பையன். சத்தமாகப் பேசத் தெரியாதவன்.

"அண்ணே, இப்ப இன்னா சாப்புடுறீங்க?"

"அதே பழைய சாப்பாடுதான்டா. பத்து முட்ட, அரைக் கிலோ கறி, ஒரு சீப்பு வாழப்பழம், எக்சசைஸ் முடிச்சதும் சக்கர போட்டு மில்க்‌ஷேக். கப்பு வாங்கன சாப்பாடுடா இது."

"அப்ப நீங்க நாள் பூரா இங்கயே கெடந்தீங்க. இப்ப ஒரு மணி நேரம் தூக்கிட்டு, மீதி நேரம் சீட்டுல குந்திக்கினு லீவர் இழுக்கறீங்க. அவ்ளோ சோத்த இந்த ஒடம்பு இன்னா பண்ணும்ணே? வயித்துல கட்டி வெச்சிக்கும்."

"அப்ப பட்டினி கெடக்கச் சொல்றியா?"

"யாரு சொன்னா? சோத்தப் பாதியாக் கொறைங்க. அந்த எடத்துல காயி, கீரை, சுண்டல். முட்ட நாலு போதும். அந்த மில்க்‌ஷேக்க வுட்ருங்க. மாசத்துக்கு ரெண்டு கிலோ கொறஞ்சாலே ஜாஸ்தி."

மாதம் இரண்டு கிலோ! நியாயமான பேச்சுக்கு எந்த ஊரிலும் பேனர் அடிப்பதில்லை. அஜித்தின் பேச்சுக்கும் அடிக்கவில்லை.

சித்தரோ வாரம் நாலு கிலோ தருவதாகச் சொன்னார். ஆள் ஏசி காரில் வந்து இறங்குவார். கழுத்தில் உருத்திராட்சக் கொட்டை, நெற்றியில் பட்டை, இடுப்புக்கு மேலே அவருடைய வைத்தியத்தையே கேலி செய்கிற மாதிரி ஒரு தொப்பை. அது தொப்பை இல்லையாம், பக்தர்களிடமிருந்து எடுத்த கொழுப்பைத் தற்காலிகமாகத் தாங்கியிருக்கிறாராம். என்ன தியாகம்!

வைத்தியம் எளிது. ராசியைச் சொல்ல வேண்டும். மேஷத்துக்கு ஆட்டுக்கறி, கடகத்துக்குப் பரோட்டா, சிம்மத்துக்குப் பிரியாணி. கீரை எந்த ராசிக்கும் வராதது தற்செயல் என்று நம்புவோம். படுக்கும்போது ஒரு கரண்டி 'கரைப்பான் சூரணம்'. பிறகு எடை பார்த்தல். முதல் ஞாயிறு, எடைக் கருவியை வெறும் தரையில் வைத்து ஏற்றுவார்கள். அது பாவ எடை. அடுத்த ஞாயிறு, மலையிலிருந்து கொண்டுவந்த தவக் கம்பளியை விரித்து அதன் மேல் கருவியை வைத்து ஏற்றுவார்கள். அது புண்ணிய எடை. புண்ணிய எடை எப்போதும் குறைவாகவே இருந்தது.

ஜெயப்பிரகாஷுக்கு முதல் வாரம் நாலு கிலோ போனது. மறுவாரம் இன்னொரு நாலு. சிம்ம ராசிக்காரன் பிரியாணியைத் தின்றுகொண்டே ஆனந்தக் கண்ணீர் விட்டான். சித்தர் அவன் காதில் சொன்னார்: "மாத்திரையை விடு கண்ணே. இங்கிலீஷ் மருந்து, கொழுப்புக்குக் காவல் நிற்கும் நாய். நாயை விரட்டினால்தான் திருடனைப் பிடிக்க முடியும்."

விரட்டிவிட்டான்.

ஜிம்முக்கு இருந்தது ஒரே கழிப்பறை. சூரணம் வந்த பிறகு பளு தூக்குகிற இடத்தில் ஆள் இல்லை, கழிப்பறை வாசலில் வரிசை. சங்கராபுரத்திலிருந்து பஸ் பிடித்து வருகிற ராணியம்மாள், "கொழுப்பு எறங்குது பாருடா!" என்று அஜித்திடம் சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். அஜித் அந்தப் பொடியை மோந்து பார்த்தான்.

"இது கடுக்கா பொடிங்க. எங்க மலையில மலச்சிக்கலுக்குச் சாப்புடுவாங்க. கொழுப்பெல்லாம் போவாது. தண்ணிதான் போவும்."

"மலையில பொறந்தவனெல்லாம் சித்தன் ஆயிட முடியுமா? வாய மூடிக்கினு தட்ட அடுக்குடா," என்றான் முதலாளி வீரமுத்து. அந்த மாதம்தான், சூரணம் விற்ற பங்கில், அவன் ஜிம்முக்குப் புது ஏசி மாட்டியிருந்தான். ஞானம் எங்கிருந்து வந்தது என்று விளங்கும்.

ஜெயப்பிரகாஷின் மனைவி மலர்விழி. வீட்டின் முன்னறையில் தையல் மெஷின் போட்டிருப்பவள். ஒருநாள் அவன் பேன்ட்டைக் கொண்டுவந்து மெஷின் மேல் போட்டான்.

"இடுப்புல ஒரு இஞ்சு பிரிச்சு வுடு. டைட்டா கீது."

மலர்விழி மெஷினை நிறுத்தினாள். "இன்னாது? எட்டு கிலோ கொறஞ்சிட்டேன்னு தெருப் பூரா சொல்லிக்கினு வந்தீங்க. கொறஞ்சவனுக்குப் புடிக்கணுமா, பிரிக்கணுமா?"

"ஒனக்கு இன்னாடி தெரியும்? சாமி கிட்ட கேட்டேன். கொழுப்பு போன எடத்துல பிராண வாயு வந்து ரொம்பிக்குமாம்."

"அப்ப பங்ச்சர் கடைக்குப் போங்க. தையக் கடைக்கு இன்னாத்துக்கு வர்றீங்க?"

சொல்லிச் சிரித்தவள், குனிந்து அவன் காலைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். கட்டைவிரல் ஓரத்தில் ஒரு வெட்டு. ஜேசிபி படியில் இடித்துக்கொண்டது. பழைய காயம். சிவந்து, ஈரமாக, ஆறாமல் இருந்தது. சில நாளாக அவன் குடம் குடமாகத் தண்ணீர் குடித்ததும், நடுராத்திரியில் எழுந்து எழுந்து போனதும் அவளுக்கு அப்போதுதான் ஒன்றாகச் சேர்ந்தன.

"மாத்திர போடுறீங்களா?"

அவன் பேன்ட்டை மடித்தான்.

"உங்கப்பாவுக்கும் இப்பிடித்தான் ஆரம்பிச்சுது. போடுறீங்களா, இல்லியா?"

"ஞாயித்துக்கெழம வந்து நீயே பாரு. எட பாக்குற மிஷினு பொய் சொல்லுமா?" என்றான் ஜெயப்பிரகாஷ். அந்தக் கேள்வியை அவன் அதுவரை தன்னிடம் கேட்டதில்லை. அவளிடம் கேட்டது தப்பாகப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். மற்றவர்கள் சித்தரின் முகத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தையல்காரி, முகத்தைப் பார்க்கும் முன்னால் துணியைப் பார்க்கிறவள். கம்பளியைப் பார்த்தாள். முதல் தடவை கம்பளிக்கு வந்தவர்களுக்கு அதை ஒற்றையாக விரித்தார் சித்தர். இரண்டாவது தடவை வந்தவர்களுக்கு இரண்டாக மடித்தார். ஜெயப்பிரகாஷ் முறை வந்தபோது நாலாக மடித்தார். 'தவம் முற்ற முற்ற மடிப்பு ஏறும்' என்று விளக்கமும் கொடுத்தார். மெத்தை மாதிரி ஆகிவிட்ட கம்பளியில் கருவியை வைத்தார். ஜெயப்பிரகாஷ் ஏறினான்.

"இன்னும் மூன்று கிலோ போயிற்று! அரோகரா!" என்றார் சித்தர். கூட்டம் கைதட்டியது.

மலர்விழி மட்டும் குனிந்து கருவியின் அடியைப் பார்த்தாள். அதற்கு நாலு குட்டிக் கால்கள் உண்டு. ஒன்றுகூடத் தெரியவில்லை. கருவி கம்பளிக்குள் புதைந்து வயிற்றால் உட்கார்ந்திருந்தது.

அவள் நிமிர்ந்தாள். "சாமி, எங்க வூட்டுல இன்னொருத்தர் இருக்காரு. அவருக்கும் எட பாத்துச் சொல்லுங்க."

"அழைத்து வா தாயே. என்ன ராசி?"

"ராசி தெரியாது சாமி. ஆனா எட தெரியும். அவரு மேலயே எழுதி இருக்குது." அஜித் பக்கம் திரும்பினாள். "தம்பி, அந்த இருவது கிலோ தட்ட எடுத்தா."

அஜித் இரும்புத் தட்டைக் கொண்டுவந்தான். '20' என்று வார்ப்பிலேயே இருந்தது. முதலில் கம்பளியை உருவி, கருவியை வெறும் தரையில் வைத்து, தட்டை ஏற்றினான். இருபது காட்டியது. பிறகு கம்பளியை நாலாக மடித்து, அதன் மேல் கருவியை வைத்து, தட்டை ஏற்றினான்.

பதினேழரை.

கூட்டம் எக்கி எக்கி எண்ணைப் பார்த்தது.

சித்தர் சாமானியர் இல்லை. இரண்டு கையையும் தூக்கினார். "பார்த்தீர்களா பக்தர்களே! இரும்பையே கரைக்கிறது என் தவக் கம்பளி!"

கூட்டம் மறுபடி கைதட்டியது. ஆமாம், தட்டியது. ராணியம்மாள் தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மலர்விழி தட்டைத் தூக்கச் சொல்லி, கருவியை மறுபடி தரையில் வைத்தாள். தட்டு ஏறியது. இருபது.

"இன்னா சாமி, கரஞ்ச இரும்பு திரும்ப வந்துடுச்சே? எடையில எறங்கி ஏறுறதுக்குள்ள தட்டு போயி பரோட்டா தின்னுட்டு வந்துதா?"

எங்கிருந்தோ ஒருவன் சிரித்தான். அதுவரை தட்டிய கைகள் வாயைப் பொத்தின.

"இரும்பு ஒரு கரண்டி சூரணம்கூடக் குடிக்கல. பக்தி கெடையாது. பத்து எண்றதுக்குள்ள ரெண்டரை கிலோ கம்மி ஆயிடுச்சு. மிஷினு காலு தரையில நின்னாத்தான் முழு எடையும் காட்டும். நீ அத மெத்தையில பொதைச்சா, கொஞ்சம் பாரத்தக் கம்பளி வாங்கிக்குது. நெசமா எளைச்சிருந்தா எம் புருஷன் பேன்ட்டு எதுக்குய்யா பத்தல?"

"இன்னாம்மா நீ, சும்மா வம்பு பண்ணிக்கினு கீற!" என்றார் சித்தர். தெய்வத் தமிழ் கழன்று விழுந்துவிட்டது. "நான் மலையில பன்னெண்டு வருசம் தவம் இருந்தவன்!"

"எந்த ஊருல சாமி?" என்று அஜித் கேட்டான். அவன் பேசியது எல்லோருக்கும் கேட்டது அன்றுதான். "வெள்ளிமலைக்கு மேலயா, கீழயா?"

"அது… மேல. மேலதான்."

"மேல எந்தப் பக்கம்? எங்க வூடு அங்கதான்."

சித்தர் கார் சாவியைத் தேடினார். கூட்டம் அவரைக் கவனிக்கவில்லை. எல்லோருக்கும் வேறு அவசரம். வெறும் தரையில் கருவியை வைத்து ஒவ்வொருவராக ஏறினார்கள். ஏறியவர்கள் முகமெல்லாம் செத்தது. ஒரே காலையில் கள்ளக்குறிச்சியில் அத்தனை பேர் பருத்தது அதுதான் முதல் தடவை. வீரமுத்து வாசலுக்கு ஓடி, தானே பேனரைக் கிழித்து, "எனக்கே தெரியாதுங்க!" என்று அருவிமேல் நின்றுகொண்டு கத்தினான். கூட்டம் கார் பக்கம் திரும்புவதற்குள் கார் புழுதியைக் கிளப்பிவிட்டுப் போய்விட்டது. போன திசை மலை இல்லை.

ஜெயப்பிரகாஷ் கடைசியாக ஏறினான். அவன் பாவ எடை அப்படியே இருந்தது. அப்படியே என்றால் பொய்; பிரியாணி வேலை செய்திருந்தது. இரண்டு கிலோ கூடியிருந்தது.

அவன் இறங்கி, சுவரில் இருந்த போட்டோவைப் பார்க்காமல், தன் கட்டைவிரலைப் பார்த்தான். "மலரு, இன்னிக்கு ஆஸ்பத்திரி தொறந்திருக்குமா?"

"கவர்மென்ட் ஆஸ்பத்திரி எப்பவும் தொறந்துதான் கெடக்குது. நீங்கதான் கண்ண மூடிக்கினு இருந்தீங்க. வண்டிய எடுங்க."

கால் பிழைத்தது. டாக்டர் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. மாத்திரை திரும்ப வந்தது. சோறு பாதியானது. மில்க்‌ஷேக் போய்ச் சுண்டல் வந்தது. மாதம் ஒன்றரைக் கிலோ, சில மாதம் அதுவும் இல்லை. யாரும் கைதட்டவில்லை. ஆனால் ஆறாவது மாதம் அவன் அதே பேன்ட்டைக் கொண்டுபோய் மெஷின் மேல் போட்டபோது, மலர்விழி கேள்வி கேட்காமல் இடுப்பைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள்.

அந்தக் கம்பளி? சித்தர் ஓடும்போது விட்டுப்போனது. ஜிம் மூலையில் கிடந்தது. ஒருநாள் ராணியம்மாள் அஜித்திடம் வந்து ரகசியமாகக் கேட்டாள்.

"தம்பி, அத எனக்குக் குடுத்துடேன். பொய்தான்னு தெரியும். வாரத்துக்கு ஒருதரம் ஏறி நின்னா மனசுக்கு ஒரு இதுவா இருக்கும்."

ஏமாற்றுகிறவன் காரில் போய்விடுவான். கம்பளியைக் கேட்கிற கை ஊரிலேயே இருக்கும். எவனாவது உங்கள் பாரம் குறைந்துவிட்டது என்று சொன்னால், கைதட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை குனியுங்கள். அவன் காலில் விழ இல்லை. கருவி எதன் மேல் நிற்கிறது என்று பார்க்க.