நீல விளக்கும் வோனி அக்காவின் சனிக்கிழமையும்

பேரன்புக்கும் மரியாதைக்கும் உரிய வோனி அக்காவுக்கு,

இந்த அகால வேளையில் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னியுங்கள். கெஸியா இப்போதுதான் தூங்கினாள். அவள் விழித்திருந்தால் பேனா என் கையில் தங்காது, அவள் வாய்க்குப் போய்விடும். லெம்பே கரையில் நாங்கள் மூவரும் சுகம். தொமொஹோன் மலைக் குளிரில் அண்ணனின் முழங்காலும் உங்கள் சாமந்திப் பாத்திகளும் சுகமாக இருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன்.

அக்கா, ஒரு உதவி. வரும் சனிக்கிழமை முதல் மூன்று நாள் கெஸியாவை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்று சொல்கிறேன். அறுவடை நன்றி விருந்தன்று மூங்கில் சோற்றை வெட்டிக்கொண்டே எல்லோர் முன்பும், "மீன்வளம் படிச்ச பொண்ணு, கறுப்பு மண்ணைப் போய்ப் படம் புடிக்கிறா" என்றீர்கள். எனக்குக் கோபமில்லை. மண் கறுப்புதான். ஆனால் இருட்டிய பிறகு கடலடியில் அதே மண்ணின்மேல் நீல விளக்கை அடித்துப் பாருங்கள்! சில உயிர்கள் அந்த நீலத்தை வாங்கிக்கொண்டு பச்சையாகவும் சிவப்பாகவும் திருப்பித் தரும். தருவது துளி, நாம் அடிக்கிற நீலமோ ஏராளம். அந்த நீலத்தை மறைக்க, முங்கும்போது போடும் முகமூடிக்கு முன்னால் ஒரு மஞ்சள் கண்ணாடி, லென்ஸுக்கு முன்னால் ஒரு மஞ்சள் கண்ணாடி. வித்தை இவ்வளவுதான். இவ்வளவையும் நான் சொதப்பினேன்.

புது விளக்கு வந்த அன்றைக்கு, வேலை செய்கிறதா பார்ப்போமென்று வீட்டு விளக்கையெல்லாம் அணைத்து, மஞ்சள் கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு அடித்தால், இருட்டுக்குள் கெஸியாவின் வாய், கன்னம், பத்து விரல், தொப்புள் எல்லாம் பளீரென்று பச்சை! நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பன்றிகூட எழுந்துவிட்டது. "ஹெங்கி, குழந்தைக்கு என்னமோ ஆயிடுச்சு, வண்டியை எடு!" உங்கள் தம்பி நகரவே இல்லை. "மஞ்சள் தூள்டி. வோக்கு மீன் குழம்புல நீதானே அள்ளிப் போட்ட? அது தொப்புள் வரைக்கும் போயிருக்கு. குளிப்பாட்டு" என்றார். விளக்கு நல்ல விளக்கு என்பது மட்டும் உறுதியாயிற்று.

மறுநாள் இருட்டியதும் நானும் ஹெங்கியும் கடலில் இறங்கினோம். பவளமெல்லாம் பச்சை, பாசியெல்லாம் சிவப்பு, கடலுக்கடியில் கிறிஸ்துமஸ். ஆசை தீர எடுத்துத் தள்ளிவிட்டு மேலே வந்து பார்த்தால் ஒவ்வொரு படமும் நீல மை கொட்டிய மாதிரி இருக்கிறது. முகமூடிக்கு மாட்டியவள் லென்ஸுக்கு மாட்டவில்லை! கெஸியா நக்கிவிட்டாளே என்று அந்தக் கண்ணாடியைத் துடைத்து, காயட்டுமென்று படகுப் பலகையிலேயே வைத்திருக்கிறேன். அடுத்த முறை எல்லாம் மாட்டினேன், ஆனால் அந்த மங்கல் ஒளியில் கேமராவுக்கு எதைப் பிடிப்பதென்றே தெரியாமல் லென்ஸ் முன்னும் பின்னுமாக அலைகிறது. கொஞ்சம் வெள்ளை விளக்கில் குறி பார்த்துவிட்டு, அதை அணைத்துவிட்டு எடுக்க வேண்டுமாம். அதைக் கற்றுக்கொள்வதற்குள் மண்ணில் ஆரஞ்சாக ஏதோ தகதகவென்று ஒளிர, ஹெங்கி சுட்டுக்கோலால் காட்டு காட்டென்று காட்ட, நான் நாலா பக்கமும் சுற்றிச் சுற்றி எடுத்தேன். மேலே வந்து பெரிதாக்கிப் பார்த்தால் பிளாஸ்டிக் சீப்பு.

"அபூர்வ ஜாதிடி! பல்லெல்லாம் எவ்வளவு வரிசையா இருக்கு பாரு!"

"காட்டினது யாரு? கோல் உங்க கையிலதானே இருந்துச்சு?"

"காட்டுறதுதான் என் வேலை. படிச்சவ நீதானே சொல்லணும்?"

நேற்று முன்தினம்தான் அது நடந்தது, அக்கா. பல்லிமூஞ்சி மீன் ஒன்று, உடம்பெல்லாம் பச்சை நெருப்பு, வாயில் பாதி விழுங்கிய இன்னொரு மீன், அதன் வால் மட்டும் சிவப்பாக வெளியே. கிட்டே போனால் ஓடிவிடும், மண் கிளம்பினால் படம் போச்சு. முழங்கையை ஊன்றாமல், மூச்சை மெல்ல மெல்ல விட்டு, ஒரே ஒரு தடவை அழுத்தினேன். ஹெங்கி வழிகாட்டியாக இருக்கும் முக்குளிப்பு விடுதியின் யோப்பி மாமா படத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி பார்த்தார். "யார் எடுத்தது? ஹெங்கியா?"

"நான்தான், மாமா."

"அப்போ சனிக்கிழமை வர்ற விருந்தாளிங்களை நீயே கூட்டிட்டு இறங்கு. மூணு ராத்திரி. எப்படி எடுக்கணும்னு நீயே சொல்லிக்குடு. ஹெங்கி மீனைத் தேடிக் குடுக்கட்டும். புள்ளையை யாரு பாத்துக்குவா? ஆள் இல்லேன்னா இப்பவே சொல்லு, உனக்குப் பதிலா பெர்ட்டியைக் கூப்பிடுறேன்."

எங்கிருந்து வந்தது அந்த வாய் என்று தெரியவில்லை. "வோனி அக்கா பாத்துக்குவாங்க, கேட்டாச்சு" என்றுவிட்டேன். கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

நான் கொஞ்சமும் கவலைப்பட மாட்டேன். கெஸியா சமர்த்து. இரவில் கால் மட்டும் போர்வைக்கு வெளியே இருக்க வேண்டும், ஆனால் அங்கே குளிர் என்பதால் உள்ளேயே இருக்கட்டும், ஆனால் உள்ளே இருந்தால் அழுவாள். வாழைப்பழத்தை நசுக்கக் கூடாது, பிய்த்துக் கொடுக்க வேண்டும். பாத்திப் பக்கம் விட்டால் சாமந்தியைத் தின்பாள். தும்மினால் உடனே போன் செய்யுங்கள். தண்ணீருக்குள் இருப்பேன், ஆனாலும் செய்யுங்கள். மற்றபடி முழு நிம்மதியாக இருக்கிறேன்.

அண்ணனுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டின்மேல் கர்த்தரின் கிருபை நிறைந்திருக்கட்டும்.

உங்கள் தம்பி மனைவி,
ஃபெமி

பி.கு.: மடிப்பதற்கு முன் ஒருமுறை கெஸியாவைப் பார்த்துவிட்டு வந்தேன். அக்கா, மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடுங்கள். அவளைத் தொமொஹோனுக்கு அனுப்ப என்னால் ஆகாது. நீங்கள் இங்கே வாருங்கள். வெக்கையும் மீன் வாடையும் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்று தெரியும்; மின்விசிறி உங்களுக்குத்தான். படகிலிருந்து எனக்குத் தெரிகிற இடமாக நாற்காலி போட்டு வைக்கிறேன், அவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும். விடுதி வரவேற்பறையில் படத்தை மாட்டிவிட்டார்கள். கீழே என் பெயரோடு உங்கள் குடும்பப் பெயரும் இருக்கிறது, பெரிய எழுத்தில். வருவீர்களா, மாட்டீர்களா? சீக்கிரம் பதில் எழுதுங்கள்.