மோட்டார் சைக்கிளுக்குத் திரை கட்டிய நாள்

எனக்கு எழுபத்தாறு வயது. வளர்த்தது ஏழு பேரை. ஐந்து நான் பெற்றது. மற்ற இரண்டும் உம்மா மௌத்தாகிக் கண்ணை மூடியபோது என் இடுப்பில் ஏறிக்கொண்ட தம்பியும் தங்கச்சியும். ரோட்டைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும் என்று ஏழு பேருக்கும் காதைத் திருகிச் சொல்லிக் கொடுத்தவள் நான். அப்படிப்பட்ட நானே ஒரு மோட்டார் சைக்கிளை மூடிப் போர்த்தி, மஃரிப் தொழுகை நேரத்து அந்தி இருட்டில் நடுரோட்டில் நிறுத்தி, அதன் மேல் உட்கார்ந்தும் இருந்தேன். இதைச் சொல்லும்போதே முக்காட்டை இன்னும் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துவிடத் தோன்றுகிறது. (எழுதுவது பேத்தி சிஃபா. நான் கையெழுத்து வைப்பதோடு படிப்பை நிறுத்திக்கொண்டவள்.)

எங்கள் குடும்பத்துப் பெண்கள் ரோட்டில் போவது எவருக்கும் தெரியாது. அது எங்களுக்குப் பெரிய பெருமை. கல்முனைக்குடியில் வேலி அடைத்த எங்கள் வளவுக்குள் வாடகைக் கார் வரும். காரின் பின்பக்கத்தைச் சுற்றித் திரை கட்டுவோம். அதற்குப் பிறகுதான் ஏறுவோம். கார் மாறும், டிரைவர் மாறுவார், திரை மாறாது. மருதமுனைத் தறியில் நெய்த தடித்த துணி. கோப்பிக்கொட்டை நிறம். நான்கு பக்கமும் நாடா. உம்மாவின் நகைகளைத் தங்கச்சிக்கென்று ஒதுக்கி வைத்தேன், திரையை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். (அதை வெயிலில் காயப் போடுவதைக்கூட அக்கம்பக்கம் பார்க்கும்படிதான் போடுவேன். மறைக்கிற துணியை ஊருக்குக் காட்டுகிறோமே என்று அப்போது எனக்குத் தோன்றியதேயில்லை.)

எண்பதுகளின் தொடக்கத்தில் என் வீட்டுக்காரர் வயலுக்குப் போய்வர ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். பழையது, சிவப்பு. இன்ஜின் ஓடினால்தான் லைட்டும் எரியும்.

"ஏறிப் பாரன் புள்ள, கடற்கரைப் பக்கம் ஒரு சுத்து சுத்தி வருவம்" என்றார்.

"நானா? இதுலயா? கல்முனை பஸாரே பாக்கவா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். அந்த வண்டியை ஆறு மாதம் நான் தொட்டும் பார்க்கவில்லை.

அப்போதுதான் தங்கச்சி ஜெஸீமாவுக்குப் பாலமுனையில் ஒரு மாப்பிள்ளை பேச்சு வந்தது. மாப்பிள்ளை ஆசிரியர். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போவோம். கலியாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து இருப்பார். ஆகவே, மாப்பிள்ளையின் உம்மாவுக்கு எங்களைப் பிடிக்க வேண்டும். ஜெஸீமாவுக்கு முன்னர் வந்த இரண்டு பேச்சும் என் வாயாலேயே முறிந்துபோயிருந்தன. அவள் அதைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் நாங்கள் பாலமுனைக்குப் போக இருந்த அன்று காலையிலிருந்து என் சீலையை மடிப்பதும் விரிப்பதும், கொண்டுபோகும் தொதல் பலகாரப் பெட்டியைத் துடைப்பதும், திரும்பத் துடைப்பதுமாக இருந்தாள். சாய்ந்தமருதிலிருந்து வேறொரு குடும்பமும் அதே மாப்பிள்ளையைக் கேட்டு மறுநாள் காலை போகப்போவதாகக் கதை வந்திருந்தது.

பின்னேரம் அசருக்கு வருவதாகச் சொன்ன கார் வரவில்லை. ஆள் அனுப்பிக் கேட்டால், அது சம்மாந்துறையில் பழுதாகிக் கிடக்கிறதாம்.

வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளைத் துடைக்கத் தொடங்கினார். என்னைப் பார்க்காமலே துடைத்தார்.

"நாளைக்குப் போவம்" என்றேன்.

"நாளைக்கு அவங்க போறாங்க புள்ள."

ஜெஸீமா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன். "சரி, ஏறுறன்" என்றேன். "ஆனா என்ன ஒருத்தரும் காணப்படாது."

என் மூளை வேலை செய்த விதத்தைக் கேளுங்கள். மஃரிப் பாங்கு சொன்னதும் ஆம்பிளைகள் பள்ளிக்குள் போய்விடுவார்கள், ரோட்டில் பார்க்கக் கண் இருக்காது. ஆகவே அந்த நேரத்தில்தான் வெளிக்கிட வேண்டும் என்றேன். "நம்மட தொழுகை?" என்றார். "பாலமுனையில போய்த் தொழலாம், நேரம் கிடக்கு" என்றேன். (அந்த மனிசனின் தொழுகையையும் பிந்த வைத்த பாவம் என் கணக்கில்தான் இருக்கிறது.) பிறகு பெட்டியைத் திறந்து திரையை எடுத்தேன். வண்டியில் ஒருபக்கமாக உட்கார்ந்து, திரையைத் தலையிலிருந்து என்னைச் சுற்றிப் போர்த்தி, மேல் நாடாக்களை அவருடைய நெஞ்சில் கொண்டுபோய் இறுக்கிக் கட்டினேன். ஒரு முடிச்சுப் போதாதென்று மூன்று முடிச்சு. மீதித் துணி பின்னால் மட்காட்டையும் சிவப்பு லைட்டையும் மூடிக்கொண்டு தொங்கியது.

"பின் லைட்ட மூடிப் போட்டாய் புள்ள. பின்னால வாறவனுக்கு நம்மளக் காணணுமே."

"காணப்படாது எண்டுதானே இவ்வளவு பாடும்!"

ஜெஸீமா கிட்டே வந்தாள். "ராத்தா, லொறிக்காரன் ஒங்கட மொகத்தப் பாக்கவா வாறான்? வண்டியயாவது அவன் காணட்டுமே. இந்தத் திரை வேணாம். வெள்ளச் சீலை ஒண்டு போத்திட்டுப் போங்க."

"வெள்ளையா? அது ஒரு கட்டை தூரத்துக்குத் தெரியும்!"

"அதுக்குத்தான் ராத்தா."

இருபது வயதுப் பிள்ளை எனக்குப் புத்தி சொல்வதா என்று, தொதல் பெட்டியை மடியில் வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினேன்.

நிந்தவூர் தாண்டும்வரை ஒரு குறையும் இல்லை. திரைக்குள் இருந்த எனக்கு ரோட்டில் ஒன்றும் தெரியவில்லை. எனக்குத் தெரியாததால் நானும் ஒருவருக்கும் தெரியவில்லை என்று மகிழ்ச்சியாக இருந்தேன். நிந்தவூருக்கு அங்கால் இரண்டு பக்கமும் வயல், ரோட்டோரம் தண்ணீர் நிறைந்த வாய்க்கால். கடல் காற்று திரையைப் பிடித்து ஊதியது. "புள்ள, ஒதுக்கிப் பிடி, ஒதுக்கிப் பிடி!" என்று அவர் கத்திக்கொண்டிருக்கும்போதே கீழ்நுனியைச் சங்கிலி கவ்விவிட்டது. வண்டி ஒரு முக்கு முக்கி நடுரோட்டில் நின்றது. இன்ஜின் நின்றதோடு முன் லைட்டும் போனது.

"இறங்கு புள்ள."

"இறங்கினா திரை விலகும். நீங்க இறங்கிப் பாருங்க."

"எப்படி இறங்குற? என்னக் கட்டியல்லவா வெச்சிரிக்காய்!"

முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். அது நான் போட்ட முடிச்சு, அவிழுமா? அவருடைய முதுகும் என் தலையும் ஒரே துணிக்குள், துணியின் நுனி சங்கிலிக்குள். கறுத்த மூட்டையாக நின்றோம்.

அப்போது பின்னால் ஒரு சைக்கிள் வந்தது. டைனமோ லைட்டின் மங்கல் வெளிச்சம் எங்கள் மேல் பட்டதும் "அல்லாஹ்!" என்றொரு சத்தம். ஹாண்டிலை வெட்டியிருக்க வேண்டும். சைக்கிளும் ஆளும் எங்களை உரசிக்கொண்டு வாய்க்காலுக்குள் விழுந்த சத்தம் கேட்டது.

ஒரு நல்ல பெண்ணாக இருந்தால், "காயமா மனே?" என்று கேட்டிருப்பாள். நான் திரைக்குள்ளிருந்தே தொடங்கினேன்.

"கண்ணென்ன பிடரியிலயா இரிக்கி? பொம்புளையள் இரிக்கிற இடம் தெரியல்லியா?"

வாய்க்காலுக்குள்ளிருந்து மெதுவாகப் பதில் வந்தது. "தெரியல்ல ராத்தா. அதனாலதான் விழுந்து கிடக்கன்."

"ஆம்பிளையெண்டா பெல் அடிச்சிக்கொண்டு வரணும்!"

"ஆருக்கு அடிக்கிற ராத்தா? ரோட்டுல ஒருத்தரையும் காணல்லியே."

"வாயைப் பார்! வளத்த உம்மாவச் சொல்லணும்!"

(ஆம், அதையும் சொன்னேன்.)

இன்னும் சொல்ல நிறைய இருந்தது. ஆனால் தூரத்தில் பெரிய இரைச்சலொன்று எழும்பியது. அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ். திரையின் நெசவுக்கூடாக வெளிச்சம் உள்ளே வரத் தொடங்கியது. என் வீட்டுக்காரர் முடிச்சோடு மல்லுக்கட்டினார். இழுக்கும் ஒவ்வொரு தடவையும் அவருடைய தோள் அசைவது என் நெற்றியில் தெரிந்தது. தனியாக இருந்திருந்தால் அவர் ஒரே பாய்ச்சலில் கரைக்குப் போயிருப்பார். அவரைப் போகவிடாமல் கட்டி வைத்தவள் நான். என் ஐந்து பிள்ளைகளின் வாப்பாவை நான் நெஞ்சோடு கட்டி பஸ்ஸுக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறேன் என்பது அந்த வெளிச்சத்தில்தான் எனக்கு விளங்கியது. சாகும்போது சொல்ல வேண்டிய கலிமா வாயில் வந்தது, பாதியில் மறந்தது.

வாய்க்காலிலிருந்து அந்த ஆள் ஏறி ஓடும் சத்தம். தன் வெள்ளைச் சேட்டைக் கழற்றி, தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு நேரே ஓடியிருக்கிறார். பிரேக் கீச்சென்று கத்த, பஸ் சறுக்கி வந்து எங்களுக்குப் பக்கத்தால் ஊர்ந்தது. கொண்டக்டர் மிதிபலகையில் நின்று கேட்டார்:

"என்ன தம்பி, நடுரோட்டுல மூட்டை?"

"மூட்டை இல்ல காக்கா, ஆக்கள்!"

பஸ்ஸுக்குள் ஓர் ஊரே சிரித்தது. ஒருவருக்கும் தெரியாமல் போக நினைத்தவளின் மேல் பஸ்ஸின் ஜன்னல்கள் எல்லாம் எட்டிப் பார்த்தன.

பஸ் போனதும் அந்தச் சைக்கிள்காரர் குனிந்து, சங்கிலியில் மாட்டிய துணியைப் பல்லால் கடித்துக் கிழித்தார். "ஐயோ, அது எங்கட உம்மாட திரை!" என்று அப்போதும் நான் கத்தினேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "காக்கா, லைட்ட மூடாமப் போங்க" என்று மட்டும் சொன்னார். என் வீட்டுக்காரர், "நீங்க எங்க மனே போகணும், என்ன செய்யிற இப்ப?" என்று கேட்கப் போனார். நான் பின்னாலிருந்து இடித்தேன். "நேரம் போகுது, வெளிக்கிடுங்க." நன்றி என்று ஒரு சொல் இல்லை. ஆளின் பெயர் கேட்கவில்லை. அவர் இருட்டில் தண்ணீருக்குள் எதையோ தடவித் தேடிக்கொண்டிருந்தார்.

பாலமுனை வீட்டில் நல்ல வரவேற்பு. வீட்டுக்காரர் முதலில் மஃரிப் தொழுதுவிட்டு முன்பக்கத்தில் மாப்பிள்ளையின் வாப்பாவோடு இருந்தார். என்னை மாப்பிள்ளையின் உம்மா உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதிரையில் இருத்தினார். நடுவில் ஒரு கதவு, அதில் ஒரு சீலை. கிழிந்த திரையைச் சுருட்டிக் கதிரைக்குக் கீழே தள்ளிவிட்டேன். தேத்தண்ணி வந்தது. "மகன் நிந்தவூருக்குப் போனவன், பிஸ்கட் வாங்க. இப்ப வந்திருவான்" என்றார். நான் எங்கள் குடும்பத்துப் பெண்களின் அடக்கத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முன்பக்கத்தில் சைக்கிள் சத்தம். உம்மா எட்டிப் பார்த்து அலறினார். "யா அல்லாஹ், என்ன மனே இது கோலம்! தாடையில ரெத்தம்!"

"ஒண்டுமில்ல உம்மா. லைட் இல்லாம ஒரு மோட்டார் சைக்கிள் நடுரோட்டுல நிண்டுது. வாய்க்காலுக்குள்ள விழுந்திட்டன். பிஸ்கட்டெல்லாம் ஊறிப் பெயித்து."

கையிலிருந்த கோப்பையைப் பீங்கான் தட்டில் வைத்தேன். அந்த நேரத்தில் வாயை மூடியிருக்கலாம். ஆனால் உம்மா உள்ளே வந்து ஏசத் தொடங்கினார். "லைட் இல்லாம நிண்டவனுக்கு அறிவு இரிக்கா? அவன்ட வீட்டுல பொம்புளையள் இல்லியா, சொல்லிக் குடுக்க?"

நான் பயத்தில், அவரோடு ஒத்துப்போவதுதான் பாதுகாப்பு என்று நினைத்து, சத்தமாகவே சொன்னேன்: "இருந்திருந்தாலும் அது அறிவுகெட்ட ஒண்டாத்தான் இருந்திரிக்கும் மாமி!"

முன்பக்கத்திலிருந்து காலடிச் சத்தம் கதவுச் சீலைவரை வந்தது.

"உம்மா" என்றது அந்தக் குரல். "உள்ளுக்குக் கதைச்ச ஆள் ஆரு?"

"பொண்ணுட ராத்தா மனே."

"கொஞ்சம் ஏசச் சொல்லுங்க பாப்பம்."

வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு ஏச்சு வரவில்லை. சீலைக்கு அங்கால் என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "ஏசத் தேவல்ல மனே. அது நாங்கதான்."

உம்மா என்னைப் பார்த்தார். கதிரைக்குக் கீழே பார்த்தார். பல் பட்ட நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "அப்ப இவ்வளவு நேரமும் என்னோட சேந்து ஆருக்குப் புள்ள ஏசினீங்க?"

"எனக்குத்தான் மாமி."

அவர் சிரிக்கவில்லை. என் முன்னாலிருந்த பீங்கானை எடுத்து ஒருபக்கமாக வைத்தார். "இப்படியான வீட்டுக்கு என்ட புள்ளய எப்படி அனுப்புற? நாளைக்கு அவனையும் போத்திக் கட்டி ரோட்டுல நிறுத்துவீங்க."

காலையில் சீலை மடித்துக்கொண்டிருந்த தங்கச்சியின் கைகள் என் கண்ணுக்குள் வந்தன. எழும்பினேன். கதவுச் சீலைக்குக் கிட்டப் போய் நின்றேன். அந்நிய ஆம்பிளையோடு, ஏசுவதற்கல்லாமல், நான் கதைத்தது அதுதான் முதல் தடவை.

"தம்பி, பிழை முழுக்க என்னிலதான். தங்கச்சில ஒண்டும் இல்ல. திரை வேணாம், வெள்ளச் சீலை போத்திட்டுப் போங்க, வண்டிய ஆக்கள் காணட்டும் எண்டு அவ வெளிக்கிடக்குள்ளயே சொன்னா. நான்தான் கேக்கல்ல." நிறுத்தினேன். பிறகு, "ஒங்கட தாடை நோகுதா?" என்றேன். வாய்க்காலடியில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

மாப்பிள்ளை சொன்னார், "அந்த வீட்டுல அப்படிச் சொன்ன ஆள் ஒண்டு இரிக்கிதானே உம்மா. அந்த ஆளுக்குத்தானே கேட்டு வந்திரிக்காங்க."

உம்மா பெருமூச்சு விட்டார். பீங்கானைத் திரும்ப என் பக்கம் தள்ளினார். மறுநாள் சாய்ந்தமருதுக்காரர்கள் வந்தபோது அங்கே பேச்சு முடிந்திருந்தது.

அன்றிரவு திரும்பிப் போக அந்த உம்மா தன் வெள்ளைச் சீலை ஒன்றைத் தந்தார். அதைப் போர்த்திக்கொண்டு, ஊருக்கே தெரிய, கல்முனை வரை வந்தேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் எனக்குக் கொஞ்சம் மனவருத்தம்.

எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்தார். பெண் வீடு என்றால் என் வளவுக்குள், இடையில் ஒரு வேலியோடு கட்டிய வீடுதான். அன்று தொடக்கம் இன்றுவரை அந்தத் தாடைத் தழும்பை நான் தினமும் காலையில் பார்க்கிறேன். வந்த வாரத்திலேயே அவர் லைட் பட்டால் மின்னும் ஒரு சிவப்புக் கண்ணாடிவில்லை வாங்கிவந்து எங்கள் மோட்டார் சைக்கிளின் மட்காட்டில் பூட்டினார். மீதித் திரையால் என்னென்னவோ தைத்தோம். பல் பட்ட துண்டு மட்டும் அவருடைய அலுமாரிக்குள் இருக்கிறதாம். இப்போதும் எங்கள் வீட்டில் யாராவது மோட்டார் சைக்கிளில் ஏறினால், பெருநாள் கூட்டமாக இருந்தாலும் சரி, ஒருவர் கட்டாயம் கேட்பார்: "திரையக் கழட்டியாச்சா?" உடனே எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள். நான் பாக்கு வெட்டிக்கொண்டிருப்பேன்.

எங்க சிஃபா, முதலிலிருந்து வாசி பாப்பம். ஏசின இடத்தைக் குறைச்சு எழுதினியா? குறைக்காத. சத்தமா வாசி புள்ள, வேலிக்கு அங்கால அந்தத் தாடைத் தழும்புக்காரருக்கும் கேக்கட்டும்.