தோளில் ஏறிப் பரீட்சைக்குப் போனவன்

பரீட்சையில் பெயிலானவனைக்கூடத் தேற்றிவிடலாம். பெயிலாகப் போகிறோம் என்று தெரிந்தவனை யாராலும் தேற்ற முடியாது. எழுபதுகளில், எஸ்.எஸ்.எல்.சி. கணக்குப் பரீட்சைக்கு முன்னால் நான் நடைப்பிணமாகத் திரிந்தேன். (அல்ஜீப்ராவுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.)

எங்கள் குப்பம் பழவேற்காடு ஏரிக்கு நடுவே ஒரு திட்டில் இருந்தது. அங்கே எஸ்.எஸ்.எல்.சி. வரை வந்த முதல் ஆள் நான்தான். குப்பமே என்னை நம்பியது; அதுதான் தொல்லை. பெயிலாவதைவிடப் பரீட்சைக்கே போக முடியாமல் போவது கௌரவம் என்று முடிவு செய்தேன். அந்த வாரம் காலை வேளைகளில் ஏரித் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. நேரத்தோடு கிளம்பாவிட்டால் படகு சேற்றில் தட்டிவிடும், கரையில் பொன்னேரி பஸ்ஸும் போய்விடும். பழி ஏரிமேல்.

ஆகவே அன்று வீடு முழுக்கப் பேனாவைத் தேடினேன். (பையில்தான் இருந்தது.) வயிற்று வலி என்று இரண்டு தரம் ஒதுங்கினேன். வாழ்க்கையில் முதல்முறையாக நிதானமாகச் சாமி கும்பிட்டேன். நினைத்தபடியே பாதி ஏரியில் படகு தட்டி நின்றது. என் வயிற்றில் பால் வார்த்தது.

படகு தள்ளிவந்த நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) கழியைப் போட்டுவிட்டுச் சேற்றில் இறங்கினார். குனிந்து தோளைக் காட்டி, ஏறு என்றார். பதினாறு வயதுக் கழுதை நான். வேண்டாமென்று கெஞ்சிப் பார்த்தேன். கடைசியில் அழுகை வந்தது, கூடவே உண்மையும் வந்துவிட்டது.

"நைனா, நான் பெயிலாயிடுவேன்."

"ஆனா ஆவட்டும்டா. பெயிலானாலும் ஊட்ல சோறு கீது. ஏறு, பஸ்ஸு நிக்குது."

பஸ் போய்விட வேண்டுமென்று தோளில் உட்கார்ந்தபடியே குலதெய்வத்தை வேண்டினேன். டிரைவரோ எங்களைப் பார்த்துவிட்டு இன்ஜினையே அணைத்துவிட்டார். ஜன்னலெல்லாம் தலைகள், பாதி என் வகுப்புப் பெண்கள். அங்கேயே செத்துப் போயிருக்கலாம். இறக்கிவிட்டபோது பார்த்தேன், சிப்பி கிழித்து நைனாவின் காலில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. என் செருப்பில் துளிச் சேறு இல்லை.

பெயில்தான். (கணக்கில் எனக்குச் சரியாக வந்த ஒரே விடை அது.) மறுபடி எழுதப் போன அன்று, விடிவதற்குள் போய்ப் படகில் உட்கார்ந்துகொண்டேன். அந்தத் தோளில் இன்னொரு தரம் ஏற எனக்குத் தெம்பில்லை.

இப்போதும் எங்கள் வீட்டில் யாராவது பரீட்சையன்று பேனாவைத் தேடினால், "இன்னா, தோள் வேணுமா?" என்று கேட்டு எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். நைனா போய்ப் பல வருஷமாகிறது. வேணும் என்று சொல்ல வாய் வரும், அடக்கிக்கொள்வேன்.