கருவாட்டுத் தீர்மானம்

முதல் அநியாயம் செய்தது பிலேந்திரன். ஒஸ்லோவின் எல்லிங்ஸ்ருட்டில் தானும் வரதராசாவும் குடியிருக்கிற மாடிக் கட்டடத்தின் நிர்வாகக் குழுவில் ஏறிய கையோடு, 'கருவாடு பொரிப்போர் கவனத்திற்கு' என்று படிக்கட்டடியில் அறிவித்தல் ஒட்டினார். பெயர் போடவில்லை. ஆனால் அந்தக் கட்டடத்தில் கருவாடு பொரிக்கிற ஆள் வரதராசா ஒருவர்தான்.

அதே பிலேந்திரன்தான் ஒஸ்லோ தமிழர் வனநடை மன்றத்தின் செயலாளரும். மழைக்காட்டில் கூடாரம் அடிக்காதவனைக் கல்யாண வீட்டிலும் ஆரும் விசாரிக்காத காலம் இது. ஆகவே வரதராசாவையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர் போர்ணியோவுக்குப் புறப்பட்டார்கள், விரிந்தால் ஒரு கிழமைக்குள் அழுகிப்போகும் ரஃப்லேசியாப் பூவைப் பார்க்க. 'அரிய மலரின் நறுமணத்தை நுகரும் பொருட்டு' ஒருவரும் சென்ட் பூசக்கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. அந்தப் பூவை ஒருமுறை கண்ணால் கண்டுவிட வேண்டும் என்று வரதராசா இரண்டு வருட விடுமுறையைச் சேர்த்து வைத்திருந்தார்.

காட்டில் கூடாரம் அடித்து முடிய, எங்கிருந்தோ வந்த நாற்றத்தில் எல்லாரும் மூக்கைப் பொத்தினார்கள். பிலேந்திரன் அவசரக் கூட்டம் கூட்டினார்.

"வரதராசா அண்ணை, பையைத் திறவுங்கோ."

"வடிவாப் பாருங்கோ. உடுப்புத்தான்."

"கருவாடு இல்லையே," என்றார் பையைக் கிண்டிய பிலேந்திரன்.

"அப்ப திண்டு முடிச்சிட்டார்," என்றார் பொருளாளர் மரியகொறற்றி. அது சாட்சியமாகப் பதியப்பட்டது.

உள்ளூர் வழிகாட்டி கையை உயர்த்தினான்.

"உறுப்பினர் அல்லாதோர் நிகழ்ச்சி நிரலின் ஐந்தாம் விடயத்தில் கதைக்கலாம்," என்றார் பிலேந்திரன்.

நாலாம் விடயத்தில் தீர்மானம் நிறைவேறியது: மன்றம் ஆற்றுக்கு அக்கரை போகும், வரதராசா நாற்றத்தோடு இருப்பார், வழிகாட்டி அவருக்குக் காவல். ஐந்தாம் விடயத்துக்கு முன் மழை வந்துவிட்டது.

எல்லாரும் போனபின் வழிகாட்டி அவரைக் கூடாரத்துக்குப் பின்னால் இருபதடி கூட்டிப்போனான். இலையுமில்லை, தண்டுமில்லை. சுளகளவில் ஒரு சிவப்புப் பூ. நாற்றம் அதிலிருந்துதான் வந்தது. வரதராசா மழையில் நனைந்தபடி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

வழிகாட்டி மற்றவர்களைக் கூப்பிடத் திரும்பினான். வரதராசா அவன் கையைப் பிடித்து நிறுத்தி, தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார்: "நில். பிலேந்திரன் வந்து மன்னிப்புக் கேட்கட்டும். பிறகு காட்டுவம்."

இரண்டு நாள் ஆற்றை ஒருவராலும் கடக்க முடியவில்லை. வெள்ளம் வடிந்து அவர்கள் வந்தபோது பூ இருந்த இடத்தில் கிடந்தது கறுத்த சகதி.

ஒஸ்லோவில் அறிக்கை வெளியானது: 'உறுப்பினர் ஒருவரின் கருவாட்டு நாற்றம் காரணமாக, மலரின் நறுமணத்தை இனங்காண இயலாது போயிற்று.' கையெழுத்து வைத்தவர்களுக்கு மட்டும் 'மழைக்காட்டு மாவீரர்' சான்றிதழ். பன்னிரண்டு பேரும் வைத்தார்கள். பன்னிரண்டாவது, வரதராசாவின் கையெழுத்து.

சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்தில் அவர் வீட்டு ஹோலில் தொங்குகிறது. ஆரும் கேட்டால், கையெழுத்து வேறு, மன்னிப்பு வேறு என்பார். பிலேந்திரன் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.