எப்போதும் ஞாயிற்றுக்கிழமையாக ஒரு தீவு

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி,
14 நவம்பர் 1975

மதிப்பிற்குரிய ரோச் மாமாவுக்கு மருமகள் பிளாரன்ஸ் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, கோழிகள் எல்லாரும் சுகம். அங்கே தாங்களும் மாமியும் சுகமாக இருக்கவும், தங்கள் சுண்ணாம்புக் காளவாசல் மட்டும் கொஞ்சம் மெலியவும் வேண்டுகிறேன். என்னோடு பேசுவதில்லை என்று நீங்கள் சபதம் செய்திருப்பதால், எதிர்த்தெருவுக்குத் தபால்தலை ஒட்ட வேண்டியதாயிற்று.

ஞாயிற்றுக்கிழமைக்குள் தீவில் நட்ட பலகையைப் பிடுங்கி, மன்னிப்பும் கேட்காவிட்டால் என் படிப்பை நிறுத்தச் சொல்லி அப்பாவிடம் சத்தம் போட்டீர்களாம். மன்னிப்புக் கேட்க மாட்டேன். பலகையையும் பிடுங்க மாட்டேன்.

நடந்தது இதுதான். கடலுக்குள் பவளப்பாறையை உடைத்து உடைத்து உங்கள் வள்ளத்தில் ஏற்றிக் காளவாசலில் எரித்தால், மீன் எங்கே போய்க் குஞ்சு பொரிக்கும்? காட்டில் மானுக்குச் சரணாலயம் இருக்கிறதே, கடலில் மீனுக்கு ஏன் இல்லை என்று எங்கள் வகுப்பே சேர்ந்து கலெக்டருக்கு மனு எழுதினோம். முத்துச்சிப்பி முற்றும்வரை ஒருவரும் இறங்கக் கூடாதென்று வருஷக்கணக்கில் கடலை மூடிவைத்த ஊர்தானே இது? ஞாயிற்றுக்கிழமை நீங்களே வள்ளத்தைக் கடலில் இறக்குவதில்லை. ஒரே ஒரு தீவுக்கு மட்டும் வருஷம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமை கேட்டோம். பதில் வரவில்லை. அதனால் ஒரு கம்பம், குறுக்கே ஒரு பலகை, அதில் ‘இங்கே கல் வெட்டாதீர்’ என்று எழுதி, வலைக்காரரான, என் வகுப்புத் தோழி ஆக்னஸின் அப்பாவிடம் கொடுத்து நடச் சொன்னோம்.

தாரில் எழுதியிருக்க வேண்டும். கைக்கு அகப்பட்டது உங்கள் காளவாசல் சுண்ணாம்பு. அது ஒரு மழைக்குக்கூட நிற்கவில்லை மாமா, வாங்குகிறவர்கள் பாவம். எழுத்து கரைந்ததும் கம்பமும் குறுக்குப் பலகையும்தான் மிச்சம். உங்கள் வள்ளத்தை ஓட்டும் தண்டல் மனுவேல் அண்ணாச்சி தூரத்திலிருந்தே பார்த்துத் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டார். அன்றிலிருந்து உங்கள் ஆட்கள் அந்தப் பக்கம் கல் வெட்டுவதில்லை. மெழுகுவர்த்தி கொளுத்திவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

நான் ஊரை ஏமாற்றினேன் என்கிறீர்கள். சத்தியமாக இல்லை. அது வெறும் பலகை என்று கரைக்குப் போய் மனுவேல் அண்ணாச்சியிடம் நானே சொன்னேன்.

“பலகையாம்லா பலகை! ஆண்டவரு கையை விரிச்சிக்கிட்டு நிக்காரு, அவரு காலடியில என்னையக் கடப்பாரை போடச் சொல்லுதியா? போளா, போயிப் படி!” என்றார்.

அவரே படி என்கிறார். நீங்கள்தான் நிறுத்தச் சொல்கிறீர்கள். என்னை வீட்டில் உட்கார வைத்தால் தினமும் ஒரு மனு எழுதுவேன். எனக்கு வேறு வேலையும் இருக்காது.

மாமிக்கு என் தோத்திரம். வாடைக் காலம், காதை மூடிக்கொண்டு படுக்கவும்.

கீழ்ப்படியாத, ஆனால் அன்புள்ள மருமகள்,
பிளாரன்ஸ்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஆக்னஸ் ஓடி வந்தாள். நேற்றைய காற்றில் எங்கள் பலகை விழுந்து, கடலோடு போய்விட்டதாம். மனுவேல் அண்ணாச்சி அதே இடத்தில் இரண்டு ஆள் உயரத்துக்கு நிஜச் சிலுவையே நட்டுவிட்டார். மரம் கொடுத்தது மாமி. உங்கள் கொல்லையில் கிடந்த பழைய பாய்மரம். உங்கள் பெயருக்கு நேர்ச்சையாம். ஆகையால் இனிமேல் பிடுங்க வேண்டியது என் பலகையை அல்ல, உங்கள் சிலுவையை. அதை மனுவேல் அண்ணாச்சியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகிறேன்.