நாற்பது பேர் வேண்டும்

"மூணு டிக்கெட்தான் போயிருக்கு, மேடம்," என்றார் தியேட்டர் மேனேஜர். "நாப்பது பேராவது வரலைன்னா நாளைக்கு உங்க படத்தைத் தூக்கிட்டு வேற போட்டுருவேன்."

படத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. முப்பது வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தும், பயத்தில் ஒரு நாளும் லிஃப்டில் ஏறாத மெக்கானிக்கைப் பற்றிய ஆவணப்படம் அது. நாலு வருஷம் அந்த மனுஷன் பின்னால் கேமராவோடு மாடிப்படி ஏறி இறங்கியதில் முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம். படம் எடுக்க வந்த பன்னிரண்டு வருஷத்தில் முதன்முதலாக ஒரு தியேட்டர் அவளுக்குக் கதவு திறந்திருந்தது. இதையும் சாத்திவிட்டால்?

அக்காவுக்குப் போன் போட்டாள்.

"இதுக்கா மூக்கைச் சிந்துறே? வேன் பிடிச்சு நம்ம ஆளுங்க நாப்பது பேரை அள்ளிட்டு வர்றேன்."

"வந்து சும்மா உக்காந்தா போதும்க்கா. யாரும் ஓவரா பண்ணக் கூடாது."

"எனக்கே சொல்லித் தர்றியா? வைடி போனை!"

அந்த நேரம் பார்த்து ஸ்பீக்கர் கரகரத்தது. ஆபரேட்டர் அறையில் வயர்களோடு மல்லுக்கட்டிவிட்டு அவள் உள்ளே நுழைந்தபோது படம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சின்ன அரங்கின் இருட்டில் ஒரு சீட்கூட காலியில்லை. வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

அந்தச் சந்தோஷம் ஐந்து நிமிஷம்கூட நிலைக்கவில்லை.

"பாதி வழியில நின்னுட்டா ரிப்பேர் பண்ண யாரு வருவா? நான்தானே வரணும்!" என்று திரையில் மெக்கானிக் சொன்னதும் அரங்கமே குலுங்கியது. கைதட்டல், விசில் வேறு. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொன்ன பேச்சை யார் கேட்கிறார்கள்?

ஓய்வு பெறும் நாளில், மனைவி கையைப் பிடித்துக்கொண்டு மெக்கானிக் முதல் தடவையாக லிஃப்டில் ஏறினார். கடைசி வரிசையில் ஒருவர் தேம்பித் தேம்பி அழுதார். அவள் குனிந்து, "மாமா, போதும். நடிப்பைக் கொஞ்சம் கொறைங்க," என்றாள்.

"யாரும்மா நீங்க?" என்றார் அவர், மூக்கை உறிஞ்சியபடி.

என்னமாய்ப் பழக்கியிருக்கிறாள் அக்கா!

மனசு கேட்கவில்லை. நேரே மேனேஜரிடம் போனாள்.

"அசத்திட்டீங்க மேடம்!" என்றார் அவர். "கடைசி நேரத்துல டிக்கெட் பூரா போயிருச்சு. ஒரு மாசம் ஓட்டலாம்!"

"வேண்டாம் சார். உள்ள இருக்கிறது பூரா என் சொந்தக்காரங்க. இப்படி ஜெயிக்க எனக்கு இஷ்டமில்லை, படத்தை எடுத்துருங்க."

அவர் வாயைத் திறப்பதற்குள் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. தலை கலைந்து, கையெல்லாம் கிரீஸோடு அக்கா இறங்கி ஓடிவந்தாள்.

"டயர் வெடிச்சு வழியிலேயே நின்னுட்டோம்டி! நாப்பது பேரும் இப்பதான் வந்து எறங்குறோம், உள்ள எடம் இருக்கா?"