வேலிக்கு வெளியே விழுந்த பால் டின்கள்

1956 ஏப்ரல் 12, வியாழக்கிழமை. மலாயாவில், பகாவுக்கு அப்பால் எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் அன்றும் விடியுமுன் தண்டவாளத் துண்டு ஒலித்தது. காலை ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்கு ஆட்கள் கூடினார்கள். மேற்பார்வை பார்க்கும் மண்டோர் பெயர் கூப்பிட்டு முடித்தார். முள்வேலிக் கேட்டில் சோதனைக்கு வரிசை நின்றது.

அவசரகாலம் அது. காட்டில் இருக்கும் கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு ஒரு பிடி சோறும் போய்விடக் கூடாது என்று அரிசியைப் பொதுச் சமையற்கட்டில் ஆக்கி, தலைக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்தார்கள். அளந்தவர் தோட்டத்து எழுத்தர், கிராணியான என் அப்பா. அளவுச் சோற்றில் தோட்டமே இளைத்திருந்த நேரத்தில், சிங்கப்பூரிலிருந்த மலாயாப் பல்கலைக்கழகத்திலிருந்து நான் மட்டும் உருண்டு திரண்டு விடுமுறைக்கு வந்திருந்தேன்.

விடுதியில் இரவுப் படிப்பு என்பது பெரும்பாலும் இரவுச் சாப்பாடுதான். ரொட்டி, கெட்டிப்பால், தள்ளுவண்டி மீ கோரெங். புத்தகம் ஒரே பக்கத்தில் நின்றது, நான்தான் வளர்ந்தேன்.

திங்கட்கிழமை வந்திறங்கியபோதே, கேட் காவலர் முத்தையா என் வயிற்றை இரண்டு முறை அமுக்கிப் பார்த்தார்.

“என்னலா தம்பி, உள்ள அரிசி மூட்டையா?”

“வயிறுண்ணே.”

“போறப்ப இது இல்லையே!”

சட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டியதாயிற்று. ரப்பர்ப் பால்மரம் வெட்டிவிட்டுத் திரும்பிய பெண்கள் வேலை மெனக்கெட்டு நின்று பார்த்தார்கள். பிறகு முத்தையா என் பெட்டியிலிருந்த கெட்டிப்பால் டின்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஆணியால் ஓட்டை போட்டார். ஓட்டை போட்ட டின்னைக் காட்டில் பதுக்கி வைக்க முடியாதாம், சட்டம். “சீக்கிரம் குடிச்சிருங்க தம்பி, எறும்பு வந்திரும்” என்றார். (சட்டத்தை என்னளவு மனமொப்பிக் கடைப்பிடித்த குடிமகன் அந்நாளில் வேறு இருந்திருக்க மாட்டான்.)

அன்று மாலையே தொழிலாளர் லயத்துப் பேச்சு அப்பாவின் காதுக்கு வந்துவிட்டது. “கிராணி மவன் ஒடம்பப் பாத்தியா? நம்ம சோறு எங்க போவுதுன்னு இப்பத் தெரியுது.” அப்படி ஒரு பெயர் நிலைத்துவிட்டால் வேலை மட்டும் போகாது, சிறை வரை போகும். அப்பா என்னிடம், “டேய், போற வரைக்கும் வாயக் கட்டு” என்றார்.

பகலில் கட்டினேன். இரவில், வேலி விளக்குகளின் வெளிச்சம் பனியில் கரைந்து பால்போல வழியும். அதற்கு அப்பால் ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாகத் தூங்கிக்கொண்டிருக்கும். பின்சன்னலில் சாய்ந்து டின்னை வாயில் வைத்தால், குடிப்பது பாலா, பனியா, வெளிச்சமா என்று தெரியாது. உடம்பு எடையற்று மிதக்கும். (மிதந்தது என் கற்பனை. கட்டில் முனகியது உண்மை.) காலி டின் அம்மா கண்ணில் படக் கூடாதே என்று அப்படியே வேலிக்கு வெளியே வீசிவிட்டுப் படுத்துவிடுவேன்.

வியாழன் காலை அந்தச் சோதனை வரிசை நகரவில்லை. ரோந்து போய்த் திரும்பிய மலாய் இன்ஸ்பெக்டர் நான் வீசிய காலி டின்களை அப்பாவின் முன் வரிசையாக வைத்தார். தோட்டத் தமிழ் அவருக்கு நன்றாகவே வந்தது.

“கிராணி, உங்க வீட்டுப் பின்னால, வேலிக்கு வெளிய. யாருக்கு சப்ளை?”

அப்பா கையிலிருந்த செக்ரோலை, அந்த ஆள்கணக்கு ஏட்டை, புரட்டிப் புரட்டிப் பார்த்தார். நான் முன்னால் போனேன்.

“நான்தான் குடிச்சேன், டுவான்.”

“எல்லாமா?”

“ஆமா.”

“ஒரே ஆளு?”

“ராத்திரியில, டுவான்.”

அவர் நம்பவில்லை. முத்தையாவை அனுப்பி என் கட்டிலடியிலிருந்து ஒரு டின்னைக் கொண்டுவரச் செய்தார். “குடி” என்றார்.

தோட்டமே மூச்சடக்கிப் பார்த்தது. நான் அண்ணாந்தேன். பால் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கியது. டின்னைத் தாழ்த்தி, தொழில் தெரிந்தவன் தோரணையில் சொன்னேன்: “காத்துக்கு இன்னொரு ஓட்டை வேணும், டுவான்.”

முத்தையா ஆணியைத் தேடினார். போட்டுத் தந்தார். கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் முடித்தேன். மூடியை நக்கியதும் எனக்கே தெரியாமல் நடந்தது.

வரிசையிலிருந்து, பால்மரம் வெட்டும் பாக்கியம் அக்காவின் குரல் வந்தது. “அட விடுங்கலா டுவான்! இது காட்டுக்கு ஒரு சொட்டு மிச்சம் வைக்குற ஆளா?”

பக்கத்தில் ஒருத்தி சொன்னாள்: “நம்ம சோத்துல வந்த ஒடம்பு இல்லடி இது. சொந்தமா சம்பாதிச்சது!”

சிரிப்பு கேட் வரை போய்த் திரும்பியது. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டார். அப்பா சிரிக்கவில்லை, ஆனால் செக்ரோலைப் புரட்டுவதை நிறுத்தியிருந்தார்.

இன்றும் இரவில் நான் ஐஸ்பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டால் போதும், படுக்கையிலிருந்தபடியே என் மனைவி கேட்பாள்: “யாருக்கு சப்ளை?”

அந்த வியாழனுக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை. தண்டவாளம் ஒலிக்குமுன்பே அப்பா மீதி டின்களை அள்ளிக்கொண்டு போய், பெரட்டுக் களத்துத் தேநீர் வாளியில் கடைசிச் சொட்டு வரை கவிழ்த்தார். அகப்பையை என் கையில் கொடுத்து, “ஊத்து” என்றார். ஒவ்வொருவருக்கும் ஊற்றினேன். அகப்பை வாளியின் அடியைச் சுரண்டியபோது, குடிக்காமல் நின்றவன் நான் ஒருவன்தான்.